முள்ளங்கிப் பெட்டி: குங் ஃபூ பாண்டாவின் இரண்டாம் பாகம் மட்டும் ஏன் இப்படி மனதில் நிற்கிறது?

மழைக்கோடு | வெள்ளவத்தை | ஞாயிறு இரவு 9.20

எல்லாருக்கும் வணக்கம். பின்னேரத்தில இருந்து ஒரு கேள்வி மனதைப் போட்டு அரிக்குது, அதுதான் புது இழை திறக்கிறன்.

எங்கட வீட்டில பத்து வயதுப் பெடியன் ஒருத்தன் இருக்கிறான். என்ர அக்காவின்ர மகன். அக்கா இப்ப இல்லை. ரெண்டு வயதில எங்களிட்ட வந்தவன். எங்களைச் சித்தி, சித்தப்பா எண்டுதான் கூப்பிடுறவன், அவனுக்கு எல்லாம் தெரியும். இண்டைக்கு விடாத மழை, மரைன் டிரைவ் பக்கம் கூட்டிக்கொண்டு போகேலாமல் போச்சு. வாத்து ஒண்டு பாண்டாக்குட்டியைத் தன்ர பிள்ளையா வளர்க்கிற குங் ஃபூ பாண்டா கார்ட்டூன் படத்தின்ர முதலாம் பாகத்தையும் ரெண்டாம் பாகத்தையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தம். முதலாவதுக்கு விழுந்து விழுந்து சிரிச்சான். ரெண்டாவது முடியேக்க ஆள் சத்தமில்லை. பெயரெல்லாம் ஓடி முடிஞ்ச பிறகு கேட்டான்: "வாத்துக்கும் தெரியும், பாண்டாவுக்கும் தெரியும். பிறகு ஏன் ரெண்டு பேரும் சொல்லாம இருந்தவை?"

"சொன்னா மற்றாளுக்கு நோகும் எண்டு நினைச்சிருப்பினம்" எண்டன். "ம்" எண்டிட்டுப் போயிட்டான். அவனுக்கு அந்தப் பதில் காணாது எண்டு முகத்திலயே தெரிஞ்சுது. எனக்கும் காணாது.

சண்டையும் பகிடியுமா வாற கார்ட்டூன் படங்களின்ர ரெண்டாம் பாகங்கள் கனக்கப் பார்த்திருக்கிறம். இன்னும் பெரிய வில்லன், இன்னும் பெரிய சண்டை, அதே பகிடி, வீட்டை போகலாம். இது மட்டும் ஏன் மனதை இப்படி நிறைச்சுப்போட்டு விடுது? விளக்கத் தெரிஞ்சவை விளக்குங்கோ.

கடலோரப்பாதை | பம்பலப்பிட்டி | ஞாயிறு இரவு 9.41

அக்கா, நான் முதல் பாகத்தின்ர கட்சி. 2008 இல வந்த அந்தப் படம் முழு வட்டம். நூடில்ஸ் கடைப் பெடியன் வீரனாகிறான். பெரிய ரகசியம் எண்ட சுருளைத் திறந்தால் எழுத்தே இல்லை, தன்ர முகம்தான் தெரியுது. தகப்பன் வந்து தன்ர சூப்பில ரகசியச் சேர்மானம் எண்டு ஒண்டும் இல்லை எண்டு சொன்ன பிறகுதான் அவனுக்கு அது விளங்குது. அதோட கதை முடிஞ்சுது. அதுக்குப் பிறகு சொல்ல என்ன மிச்சம்?

ரெண்டாம் பாகம் எனக்குப் பாரமாக் கிடந்தது. சிரிக்க வந்த பிள்ளையளுக்கு எரியிற ஊரைக் காட்டத்தான் வேணுமோ?

கோட்டுச்சித்திரம் | நுகேகொடை | ஞாயிறு இரவு 10.15

மிச்சம் இருந்தது. அதுவும் முதல் பாகத்திலேயே, எல்லாரும் சிரித்துக் கடந்த ஓர் இடத்தில் இருந்தது.

ஞாபகப்படுத்திப் பாருங்கள். போ என்ற அந்தப் பாண்டா மனம் உடைந்து நிற்கிறான். தகப்பன் வாத்து முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, உனக்கு எப்போதோ சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை இப்போது சொல்லப்போகிறேன் என்கிறது. தியேட்டர் முழுக்க மூச்சைப் பிடிக்கிறது. ஏனென்றால் பாண்டாவுக்கு வாத்து எப்படி அப்பா ஆனது என்று எல்லார் மனதிலும் கேள்வி இருக்கிறது. வாத்து சொன்னது என்ன? சூப்பின் ரகசியம்! எல்லாரும் வெடித்துச் சிரித்தோம். கேள்வி அப்படியே மறைந்து போனது.

மூன்று வருடம் கழித்து, 2011 இல், இரண்டாம் பாகம் வந்து அந்தச் சிரிப்பைத் திரும்ப எடுத்து, அதற்குள் ஒரு பிள்ளையின் வலி இருந்ததே, கவனித்தீர்களா என்று கேட்டது. எனக்குத் தெரிந்தவரை இரண்டாம் பாகம் மனதை நிறைக்க இதைவிட நல்ல வழி இல்லை. வெளியிலிருந்து புதிய துன்பத்தைக் கொண்டுவந்து ஒட்டாமல், முதல் படம் பகிடியாக விட்டுவைத்த கடனைத் தீர்ப்பது. நான் படக்கதைச் சட்டங்கள் வரைகிற தொழிலில் இருக்கிறேன். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கிற முதற்பாடம் இந்த இரண்டு காட்சிகளும்தான்.

கதை இப்படித் தொடர்ந்ததற்கு ஆள் தொடர்ச்சியும் ஒரு காரணம். இரண்டாம் பாகத்தை இயக்கிய ஜெனிஃபர் யூ நெல்சன்தான் முதல் பாகத்தில் கதைப் பிரிவின் தலைவர். முதல் படம் கைச்சித்திரமாக ஒரு கனவோடு தொடங்குமே, அதை இயக்கியதும் அவர்தான். எங்கே என்ன விட்டுவைத்தோம் என்று அறிந்த கைதான் திரும்பி வந்து எடுத்தது. ஹொலிவுட்டின் பெரிய நிறுவனமொன்றின் அனிமேஷன் முழுநீளப் படத்தைத் தனியாக இயக்கிய முதற்பெண்ணும் அவரே.

தகரக்கூரை | தெமட்டகொடை | ஞாயிறு இரவு 10.32

மழைக்கோடு ராத்தா, உங்கட மகன் கேட்ட கேள்வியப் படமே கேக்குது. வாத்து மெல்ல மெல்ல, நீ ஒருவேளை நான் எடுத்து வளத்த புள்ளையா இருக்கலாம் எண்டு இழுக்கும். போ உடனே, எனக்குத் தெரியும் எண்டுவான். தெரிஞ்சா ஏன் சொல்லல்ல எண்டு வாத்து கேக்கும். நீங்க ஏன் சொல்லல்ல எண்டு இவன் கேப்பான். பதில் ரெண்டு பேர்ட்டயும் இல்ல.

அதுக்குப் பொறகு வாற கதைதான் எனக்கு உசிர். முள்ளங்கிப் பெட்டிக்குள்ள முள்ளங்கி எல்லாத்தையும் தின்னுட்டு ஒரு குட்டி இருக்கி. யாராச்சும் தேடி வருவாங்க எண்டு வாத்து காத்திருக்கி. யாரும் வரல்ல. உள்ளுக்குத் தூக்கிட்டுப் போய்ச் சாப்பாடு குடுத்து, குளிப்பாட்டி, திரும்பவும் சாப்பாடு குடுத்து, கடைசில ஒரு முடிவு எடுக்கி: இனி சூப்புக்கு முள்ளங்கி போடுறல்ல, இவனை என்ட மகனா வளக்குற. ரெண்டையும் ஒரே மூச்சுல சொல்லும். எங்கட வாப்பாவும் அப்பிடித்தான். பெரிய விசயம் எதையும் தனியாச் சொல்லத் தெரியாது. கறிக்கு உப்புக் காணுமா எண்டு கேக்குற அதே குரல்லதான் சொல்லுவாரு.

மழைக்கோடு | வெள்ளவத்தை | ஞாயிறு இரவு 10.40

தங்கச்சி, அந்த முள்ளங்கி வசனத்தில இவன் சிரிச்சவன். இப்ப யோசிக்கேக்க, அதுக்குப் பிறகுதான் ஆள் சிரிக்கேல்ல.

வெள்ளைப்பட்டி | கொட்டாஞ்சேனை | திங்கள் காலை 6.10

நான் சின்னப் பிள்ளைகளுக்குக் கராத்தே சொல்லிக் கொடுக்கிறவன். சண்டைப் பக்கத்தில் இருந்து ஒன்று சொல்கிறேன்.

முதல் பாகத்தில் வில்லன் பனிச்சிறுத்தை. அவனை வெல்ல அவனைவிட நன்றாகச் சண்டை பிடித்தால் போதும். இரண்டாம் பாகத்துக்கு அவனைவிடப் பலமான இன்னொருவனைக் கொண்டுவந்திருந்தால், போ இன்னும் கொஞ்சம் பயிற்சி எடுப்பான், வெல்வான், நமக்கு ஒன்றும் தோன்றாது. கொண்டுவந்தது மயிலை. கையில் பீரங்கி. வெடிமருந்து சீனாவில் பிறந்தது என்று எல்லாருக்கும் தெரியும். அங்கே வாணவேடிக்கைக்கு இருந்ததை ஷென் என்ற அந்த மயில் ஆயுதமாக்குகிறான். ஒரு காண்டாமிருகக் குரு, கலையின் உச்சத்தில் நிற்கிறவர், ஒரே வெடியில் போய்விடுகிறார். முஷ்டியால் இதற்குப் பதில் கிடையாது. பயிற்சியைக் கூட்டினாலும் கிடையாது. அதனால்தான் கதை போவின் உள்ளே போயே ஆக வேண்டியிருக்கிறது. வில்லன் அளவால் பெரிதாகவில்லை, வகையால் மாறினான். இரண்டாம் பாகம் எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

இன்னொன்று. கடைசியில் போ குண்டுகளை எப்படி எதிர்கொள்கிறான்? தடுக்கவில்லை. வருகிற வேகத்தைக் கையில் வாங்கி, வட்டமாகச் சுற்றி, திருப்பி விடுகிறான். தாய் சி என்ற சீனத் தற்காப்புக் கலையைப் பயில்கிறவர்கள் செய்வது அதுதான். வருகிற பலத்தோடு மோதாமல் அதை வழிநடத்துவது. படத்தின் தொடக்கத்தில் ஷிஃபு குரு ஒரு நீர்த்துளியைக் கையில் வாங்கி உடையாமல் ஓடவிடுகிறார், போ அதை வேடிக்கையாகப் பார்க்கிறான். அந்த அசைவைத்தான் முடிவில் பீரங்கிக் குண்டுக்குச் செய்கிறான். நடுவில், எரிந்து கிடக்கிற தன் ஊரில் மழையில் நின்று, ஞாபகங்களை எல்லாம் வரவிட்டபோது அதே துளி அவன் கைக்கு வருகிறது. சண்டை அசைவும் மனதின் அசைவும் ஒன்றாகிவிட்டன. என் மாணவர்களிடம் தாக்குதலை எதிர்க்காதே, வாங்கு என்று பல வருடமாகச் சொல்லிக் கொண்டிருந்தேன். இந்தப் படத்தைப் பார்த்த பிள்ளைகளுக்கு அதை விளக்க வேண்டியே இருக்கவில்லை.

கடலோரப்பாதை | பம்பலப்பிட்டி | திங்கள் பகல் 12.50

வெள்ளைப்பட்டி அண்ணா சொன்னது நியாயம், அதை ஒத்துக்கொள்ளுறன். ஆனா பகிடி விசயத்தில நான் இன்னும் இறங்கேல்ல. மனம் கனக்கிற நேரத்தில எல்லாம் போ என்னவோ ஒரு கோமாளித்தனம் பண்ணுறான். அழவும் விடுறானில்லை, சிரிக்கவும் விடுறானில்லை.

தகரக்கூரை | தெமட்டகொடை | திங்கள் பகல் 1.15

நானா, ஒரு பகிடிய மட்டும் எடுத்துப் பாருங்க. துறைமுகத்துல போ கூரை மேல ஏறி நிண்டு ஷென்னுக்குப் பெரிய வீரவசனம் பேசுவான். தூரம் கூடிப் போச்சு. ஷென்னுக்கு ஒண்டும் கேக்காது, "என்ன?" எண்டுவான். நாங்க சிரிச்சிட்டம்.

அதுக்குப் பொறகு எல்லாம் உடைஞ்சு முடிய, கப்பல்ல ரெண்டு பேரும் கை எட்டுற தூரத்துல நிக்கிறாங்க. இப்ப ஷென் கேக்குற: உன்ட உம்மா வாப்பாவ நான் எடுத்தன், எல்லாத்தையும் எடுத்தன், நீ எப்பிடி நிம்மதி கண்டுபிடிச்ச? அந்தக் கேள்வி மெல்லிசா வருது, தெளிவாக் கேக்குது. தூரத்துல இருந்து கத்தின வீரம் கேக்கல்ல, பக்கத்துல வந்து கேட்ட வலி கேட்டுச்சி. முந்தின பகிடி இல்லாட்டி இந்தக் காட்சிக்கு இவ்வளவு பாரம் வந்திருக்குமா?

ஆறாம்மாடி | கொட்டாஞ்சேனை | திங்கள் இரவு 8.05

எல்லாரும் போவைப் பற்றியே பேசுறீர்கள். நான் பெண்புலியைப் பற்றிப் பேச வந்தேன்.

இந்தத் தொடரில் கண்டெடுத்த பிள்ளைகள் மூன்று பேர். முதல் பாகத்து வில்லன் டாய் லங்கைக் குட்டியாகக் கண்டெடுத்து மகனாக வளர்த்தவர் ஷிஃபு. போவை வளர்த்தது வாத்து. மூன்றாவது புலி. அவள் அநாதை விடுதியில் வளர்ந்தவள், மற்றப் பிள்ளைகள் அவளைக் கண்டு பயந்தார்கள், டொமினோ கட்டைகளை வைத்து ஷிஃபு அவளுக்கு நிதானம் பழக்கினார். இது பிறகு வந்த குறும்படத்தில் இருக்கிறது. ஆனால் டாய் லங்கைக் கொஞ்சி வளர்த்த ஷிஃபு, அவன் கைவிட்டுப் போனபின் இவளைக் கொஞ்சவே இல்லை.

இதை மனதில் வைத்துக்கொண்டு இரண்டாம் பாகத்துப் படகுக் காட்சியைப் பாருங்கள். இரும்பு மாதிரி மரத்தில் வருடக்கணக்காகக் குத்திக் குத்தி இப்போது கையில் ஒன்றுமே தெரியாது என்கிறாள். போ அதைக் கேட்டு வியக்கிறான். எனக்கு அழுகை வந்தது. உணர்ச்சி இல்லாமல் போனதை ஒரு சாதனையாகச் சொல்கிற பெண்பிள்ளை. அவள்தான் சிறைக் கூண்டுக்குள் போவைக் கட்டிப் பிடிக்கிறாள், நீ சாவதை என்னால் பார்க்க முடியாது என்கிறாள். அவள் கட்டிப் பிடித்தபோது ஷிஃபுவின் மாணவர்களான மற்ற நால்வரின் வாயும் திறந்தபடி நின்றது. வசனமாகச் சொல்ல முடியாத மாற்றம் அது. பிறகு பீரங்கிக்கு முன்னால் பாய்ந்து போவைத் தள்ளிவிடுகிறாள். அதே நேரத்தில் ஷென் என்ன செய்கிறான்? சொந்த ஆட்கள் மேல் சுட மாட்டேன் என்ற ஓநாய்த் தலைவனைக் கொன்றுவிடுகிறான்.

பனையடி | வெள்ளவத்தை | திங்கள் இரவு 11.20

இந்த இழையை ரெண்டு நாளா வாசிச்சுக்கொண்டிருக்கிறன். எழுதுவமோ விடுவமோ எண்டு இருந்தது.

நான் வன்னியில பிறந்தவன். 2011 இல எனக்குப் பதினாலு வயது. கொழும்பில மாமா வீட்டில நிண்டு படிச்சன். அம்மாவின்ர தமையன். மாமி காலி வீதியில ஒரு கடையில இந்தப் படத்தின்ர டிவிடி வாங்கிக்கொண்டு வந்தவ, பிள்ளையள் சிரிக்கட்டும் எண்டு. நானும் மச்சாள்மாரும் நிலத்தில பாய் போட்டு இருந்து பார்த்தம்.

அந்தத் தாய்ப் பாண்டா குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுற காட்சி வந்தது. பின்னால நெருப்பு. பெட்டிக்குள்ள வைச்சு, முகத்தைப் பார்த்து, பிறகு மற்றப் பக்கமா ஓடுறா, துரத்துறவை தன்னைத் துரத்தட்டும் எண்டு. மாமி எழும்பி ரிமோட்டை எடுத்தவ. நான் "நிப்பாட்டாதேங்கோ" எண்டன். அந்த வீட்டுக்கு வந்து ரெண்டு வருசத்தில நான் சத்தமாச் சொன்ன முதல் வசனம் அதுவா இருக்கும்.

கடலோரப்பாதை அண்ணை கேட்டவர், சிரிக்க வந்த பிள்ளையளுக்கு அது தேவையோ எண்டு. எனக்குத் தேவைப்பட்டது. என்னைச் சுத்தி இருந்த பெரியாக்கள் எல்லாரும் அன்பாத்தான் இருந்தவை, ஆனா ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்ல. நானும் சொல்லேல்ல. மழைக்கோடு அக்கா, உங்கட பெடியன்ர கேள்வி அதுதான். நோகும் எண்டுதான் சொல்லாம இருந்தம். ஆனா சொல்லாம இருந்ததும் நொந்தது.

எனக்கு ஒரு கோபமும் இருக்கு. கடைசியில போ ஷென்னிட்ட, பழசை விட்டுத்தள்ளு, அது பொருட்டில்லை, இப்ப நீ என்னவா இருக்கத் தெரிவு செய்யிறாய் எண்டதுதான் பொருட்டு எண்டு சொல்லுறான். அது எனக்கு அப்பவும் ஒப்பேல்ல, இப்பவும் ஒப்பேல்ல. பழசு எப்பிடிப் பொருட்டில்லாமப் போகும்?

மழைக்கோடு | வெள்ளவத்தை | திங்கள் இரவு 11.34

தம்பி, எழுதினதுக்கு நன்றி. திரும்பத் திரும்ப வாசிக்கிறன்.

கோட்டுச்சித்திரம் | நுகேகொடை | செவ்வாய் காலை 7.45

பனையடி, உங்கள் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. படம் அந்த ஞாபகத்தை எப்படிக் கையாண்டது என்று மட்டும் சொல்லலாம்.

படம் சீன நிழற்பாவை மாதிரி ஓர் அறிமுகத்தோடு தொடங்குகிறது. ஊரழிந்த கதையை அங்கேயே நமக்குச் சொல்லிவிடுகிறார்கள், ஆனால் நிழல்களாக, ஒரு பழங்கதை போல. நமக்குத் தெரியும், போவுக்குத் தெரியாது. பிறகு முதற் சண்டை. போ வெல்லப்போகிற நேரத்தில் ஓநாயின் கவசத்தில் சிவப்புச் சின்னம் கண்ணில் படுகிறது. ஒரு கணம் தாயின் உருவம். கை நின்றுவிடுகிறது, அடி விழுகிறது. அடுத்து ஒரு கனவு, தாய் தகப்பன் அவனுக்குப் பதிலாக ஒரு முள்ளங்கியை வைத்திருக்கிறார்கள். பார்க்கச் சிரிப்பு, ஆனால் என்னை வேண்டாம் என்று விட்டார்களா என்ற பயம் அதற்குள் இருக்கிறது. கடைசியாகத்தான், இடிந்த ஊரில், குறி சொல்கிற ஆட்டுக் கிழவி அதோடு மல்லுக்கட்டாதே, வரவிடு என்று சொன்ன பிறகு, முழு ஞாபகமும் வருகிறது. அந்த ஞாபகங்கள் எல்லாம் கைச்சித்திரம், மற்றதெல்லாம் முப்பரிமாணம். ஒவ்வொரு முறையும் ஒரு கரண்டி அளவுதான் தருகிறார்கள்.

ஆகவே போ அந்த வார்த்தையைச் சொல்வது மறந்த பிறகு இல்லை. அவன் எல்லாவற்றையும் ஞாபகப்படுத்தி முடித்த பிறகு. அந்த வரிசை முக்கியம் என்று நினைக்கிறேன்.

திண்ணைவாசி | மட்டக்குளி | செவ்வாய் மாலை 4.30

பேரப்பிள்ளைகளோடு இருந்து நானும் இந்தப் படத்தைப் பார்த்திருக்கிறேன். முப்பது வருடத்துக்கு மேல் தமிழ் படிப்பித்தவன் என்பதால் ஒரு சொல்லில் என் மனம் நின்றது. அதை இங்கே வைக்கிறேன்.

ஷென் கேட்கிறான், நான் உனக்கு வாழ்நாள் வடுவைத் தந்தேனே என்று. போ, வடு ஆறிவிடும் என்கிறான். ஷென் திருத்துகிறான்: வடு ஆறாது, புண்தான் ஆறும். போ தடுமாறி, அப்படியென்றால் வடு என்ன செய்யும், மங்குமோ என்கிறான். பிள்ளைகள் சிரித்தார்கள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வள்ளுவர் 129 ஆம் குறளில் பிரித்தது இதைத்தானே. தீயினால் சுட்டதைப் புண் என்றார், அது உள்ளே ஆறும் என்றார். நாவினால் சுட்டதை வடு என்றார், அது ஆறாது என்றார்.

இப்போது இருவரையும் எடுத்துப் பாருங்கள். போவின் ஊரைச் சுட்டது தீ. உண்மையான தீ. ஷென்னைச் சுட்டது என்ன? ஒரு சொல். கறுப்பும் வெள்ளையுமான ஒரு வீரன் உன்னை வெல்வான் என்ற குறி. அதற்கு மேல், பெற்றவர்கள் தன்னை வெறுத்துத் துரத்தினார்கள் என்று அவனே தனக்குச் சொல்லிக்கொண்ட சொல். உன்னை அனுப்பியதே அவர்களின் உயிரைக் குடித்தது, அவ்வளவு அன்பு வைத்திருந்தார்கள் என்று கிழவி சொல்கிறாள். அது அவன் காதில் ஏறவில்லை. எல்லாவற்றையும் இழந்தவனுக்கு ஆறுகிறது, அரண்மனையில் பிறந்தவனுக்கு ஆறவில்லை. தமிழ் தெரியாதவர்கள் எடுத்த படம், ஆனால் அந்தக் குறளுக்கு இதைவிட நல்ல உரையை நான் வகுப்பில் சொன்னதில்லை.

தம்பி பனையடி, உமது கோபம் சரி. நான் அந்த இடத்தை இப்படி விளங்கிக்கொள்கிறேன்: போ அதைத் தன் தாயைப் பற்றிச் சொல்லவில்லை, ஷென்னின் பழியைப் பற்றிச் சொல்கிறான். செய்தவனைப் பார்த்து, நீ இதிலேயே கிடக்கத் தேவையில்லை என்கிறான். செய்தவன் அதை ஏற்கவில்லை, திரும்பவும் வாளைத்தான் எடுக்கிறான். கடைசியில் தன் பீரங்கியே தன்மேல் சரியும்போது கண்ணை மூடிக்கொள்கிறான்.

பனையடி | வெள்ளவத்தை | செவ்வாய் இரவு 9.10

ஐயா, தீயும் நாவும் எண்டு நீங்கள் பிரிச்சதை இரவு முழுக்க யோசிப்பன். ஒப்பினேன் எண்டு சொல்லேலாது. ஆனா அந்தக் கிழவி சொன்ன ஒண்டை நான் அப்பவே பிடிச்சு வைச்சனான்: உன்ர கதையின்ர தொடக்கம் சந்தோசமா இல்லாமல் இருக்கலாம், ஆனா மிச்சக் கதைதான் நீ. அந்த மிச்சத்தை எழுத எனக்கு மாமாவும் மாமியும் இருந்தவை. போன வருசம் மாமாவுக்கு அறுபது. அண்டைக்குத்தான் முதன்முதலா அவரிட்ட எல்லாத்தையும் சொன்னன். விடிய மூண்டு மணி ஆச்சு.

ஆறாம்மாடி | கொட்டாஞ்சேனை | செவ்வாய் இரவு 9.55

தம்பி பனையடிக்கு என் அன்பு.

எனக்கு இன்னும் ஒரு பேச்சு இருக்கிறது. மூன்றாம் பாகத்தையும் எடுத்துப் பார்க்க வேண்டும். 2016 இல் வந்தது. இரண்டாம் பாகம் முடிந்த கையோடு, தூரத்துப் பாண்டா ஊரில் பெற்ற தகப்பன் என் மகன் உயிரோடு இருக்கிறான் என்று உணர்கிற காட்சி வரும். பலருக்கு அது பிடிக்கவில்லை, வாத்து அப்பாவின் மடியில் முடிந்த படத்தின் நிறைவைக் கெடுக்கிறது என்பார்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது, மூன்றாவதைப் பார்க்கும்வரை. அதில் வாத்து பொறாமைப்படுகிறது. மகனின் பைக்குள் ஒளிந்துகொண்டு கூடவே போகிறது. பிறகு பெற்ற தகப்பனிடம், நீ வந்ததால் எனக்குக் குறைந்து போகவில்லை, போவுக்குக் கூடியிருக்கிறது என்று சொல்கிறது. வளர்த்தவர்கள் மனதில் இருக்கிற பயத்தை இவ்வளவு மரியாதையாகச் சொன்ன பகிடிப் படம் நான் பார்த்ததில்லை.

மழைக்கோடு அக்கா, அதையும் அவனோடு இருந்து பாருங்கள்.

கடலோரப்பாதை | பம்பலப்பிட்டி | புதன் காலை 8.20

இரவு ரெண்டாம் பாகத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்தன். பாரமாக் கிடக்குது எண்டு நான் சொன்னது பிழையில்லை, ஆனா அந்தப் பாரம் படத்தின்ர குறை எண்டு நினைச்சது பிழை. பனையடித் தம்பி, நான் கேட்ட விதத்துக்கு மன்னிக்க வேணும்.

நாலாம் பாகம் 2024 இல வந்தது. அதில டாய் லங் திரும்பி வாறான், புது நரிப் பெட்டை வாறா, பச்சோந்தி வில்லி வாறா, பார்க்க அலுப்பில்லை. ஆனா புலியும் மற்ற நால்வரும் படம் முழுக்க இல்லை, கடைசியில சும்மா தலை காட்டுகினம். கட்டிப் பிடிச்ச அந்தப் புலியை இப்பிடி விட்டதை இப்பதான் குறையா உணருறன். அதில எனக்கு நிண்டது, ரெண்டு தகப்பன்மாரும் சேர்ந்து மகனைத் தேடிப் போற பகுதி மட்டும்தான். அதுகூட ரெண்டாம் பாகத்தின்ர வட்டிதான்.

மழைக்கோடு | வெள்ளவத்தை | புதன் இரவு 10.05

எல்லாரும் எழுதினதை என்ர அவருக்கும் வாசிச்சுக் காட்டினன்.

இண்டைக்குப் பள்ளியால வந்து தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிருக்கேக்க அவன் கேட்டான்: "பாண்டா முள்ளங்கிப் பெட்டியில வந்தது. நான் எதில வந்தனான்?"

அலுமாரிக்கு மேல ஒரு நீலத் துணிப் பை எட்டு வருசமா இருக்கு. இறக்கிக் குடுத்தன். ஒரு சின்னச் சேட்டு, ஒரு கால் மேசு, முயல் படம் போட்ட ஒரு பிளாஸ்டிக் கோப்பை. அதோட அக்கா ஆசுபத்திரியில இருந்துகொண்டு கொப்பித் தாளில எழுதின பட்டியல். எத்தனை மணிக்கு நித்திரை, சோத்தோட பருப்பை எப்பிடிக் குழைக்கிறது, மழைச் சத்தத்துக்குப் பயம். கடைசி வரி, கரட் பிடிக்காது. அவன் ஒவ்வொரு எழுத்தா வாசிச்சான். "இப்பவும் பிடிக்காது" எண்டான்.

அந்த நேரம் பார்த்து அவர் வேலையால வந்து உள்ளுக்கு ஏறினார். பெடியன் பையை மடியில வைச்சுக்கொண்டு நிமிர்ந்து பார்த்தான். "சித்தப்பா, அந்த வாத்து முள்ளங்கியை விட்டது. நீங்கள் என்னத்தை விட்டனீங்கள்?"

அவர் சப்பாத்தைக் கழட்டிக்கொண்டே யோசிச்சார். "கட்டாருக்குப் போக எல்லாம் சரி வந்திருந்தது. விசாவும் வந்திட்டுது. அதை விட்டனான்."

இதை அவர் எனக்கே இவ்வளவு நேராச் சொன்னதில்லை.

"அங்க முள்ளங்கி இருக்குமோ?" எண்டு கேட்டான். ரெண்டு பேரும் சிரிச்சவை. பிறகு அவன் பையைக் கொண்டுபோய்த் தன்ர படிக்கிற மேசைக்குக் கீழ வைச்சான். அலுமாரிக்கு மேல வேண்டாமாம். சனிக்கிழமை மூண்டாம் பாகம் பார்க்கிறம். கொத்து அவர் போடுறாராம், நான் போடுறன் எண்டால் விடுறாரில்லை.